கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தொற்றுநோய்க் கணித வகுப்பு: 160 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் போகலாமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன்: போகலாம். கொடுத்த காசுக்கு மேலேயே கற்றுக்கொண்டேன். ஆனால் பாடம் எந்த இடத்தில் சூடு பிடிக்கிறதோ, சரியாக அந்த இடத்தில் ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். அது எந்த இடம் என்று காட்டத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவள். செந்தூலில் சமையற்கூடம். படிவம் ஆறோடு கணிதத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. அதற்குப் பிறகு அரிசி, பருப்பு, ஆள் கணக்குதான். கோவிட் வந்த 2020 மார்ச்சிலிருந்து இரண்டு ஆண்டுகள் என் தொழிலின் நாட்காட்டியைப் பஞ்சாங்கம் எழுதவில்லை, தொலைக்காட்சி எழுதியது. சுகாதாரத் தலைமை இயக்குநர் நோர் ஹிஷாம் அப்துல்லா மாலையில் வந்து அன்றைய தொற்று எண்ணிக்கையைச் சொல்லுவார். சில நாள் கழித்துப் பிரதமர் வந்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நீடிக்கிறதா தளர்கிறதா என்று சொல்லுவார். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். முன்பணம் வாங்கி வைத்திருந்த எங்களைப் போன்றவர்களை உட்காரவைத்து அதை விளக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. இத்தனை ஆண்டு கழித்தாவது ஒருவர் தமிழில் விளக்குகிறார் என்று கேள்விப்பட்டதும் பதிந்துகொண்டேன்.

பெயரைப் போட வேண்டாம் என்று நடத்துபவரே கேட்டுக்கொண்டார். துன் சம்பந்தன் சாலைப் பக்கம் விசாரித்தால் தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற விரிவுரையாளர். புள்ளியியல் கற்பித்தவர். கடை வீட்டின் மாடியில் ஓர் அறை, இரண்டு சனிக்கிழமைகள், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. வந்திருந்தவர்களில் மருந்தகப் பெண் ஒருவர், இரண்டு இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், காப்பீட்டு முகவர் ஒருவர். குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது. நாற்காலிகள் நான்கு மணி நேரத்துக்கு ஏற்றவை அல்ல. இடைவேளையில் கொடுத்த வடை எண்ணெய் குடித்திருந்தது. தொழில்காரி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வரலாற்றிலிருந்து தொடங்குகிறார், அதுவும் அலுப்பாக இல்லை. 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் எழுதிய கட்டுரைதான் இன்றைக்கும் இந்தத் துறையின் அடித்தளம். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலியில் வேலை பார்த்தவர். மக்களை மூன்று கூடையாகப் பிரிப்பது அவர்கள் வழி: இன்னும் தொற்றாதவர்கள், இப்போது தொற்றோடு இருப்பவர்கள், நோய் நீங்கியவர்கள். ஒரு கூடையிலிருந்து அடுத்த கூடைக்கு ஒரு நாளில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதுதான் முழுக் கணக்கும். 1905-06இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் மரணங்களின் மேல் தங்கள் வளைகோட்டை வைத்துக் காட்டினார்கள், அழகாகப் பொருந்தியது. ஆனால் பம்பாய் பிளேக் எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்பியது, பருவத்தோடு ஏறி இறங்கி ஆண்டுதோறும் திரும்பி வந்தது. மூன்று கூடைக் கணக்கில் எலியும் இல்லை, பருவமும் இல்லை. கோடு பொருந்தியதாலேயே காரணமும் சரி என்று ஆகிவிடாது. இதை அவர் போகிறபோக்கில் சொன்னார். நான் தாளின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டேன், பின்னால் தேவைப்பட்டது.

அடுத்து நம் பினாங்குக்காரர் வூ லியென் தே. 1879இல் பிறந்தவர், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தவர். 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது முகக்கவசம், தனிமைப்படுத்தல், போக்குவரத்துக் கட்டுப்பாடு மூன்றையும் சேர்த்துக் கையாண்டவர். சீனப் புத்தாண்டுக்காக ரயிலேறி ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களோடு நோயும் பயணம் செய்தது. ரயிலைக் கட்டுப்படுத்தினார்கள். சில மாதங்களில் நோய் ஓய்ந்தது. அதற்குள் ஏறத்தாழ 60,000 பேர் இறந்திருந்தார்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களை நிறுத்துவது எப்படிப்பட்ட காரியம் என்பதை இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு மடிக்கணினி. வகுப்பின் உயிர் இங்கேதான். ஆசிரியர் கொடுக்கும் அட்டவணையில் ஒரு வரிக்கு ஒரு நாள். ஒரு லட்சம் பேர் உள்ள ஊர், நூறு பேருக்குத் தொற்று. தொற்றுள்ள ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக அரை ஆளுக்குப் பரப்புகிறார்; ஐந்து நாள் பரப்பும் நிலையில் இருக்கிறார். ஆக ஒருவரிடமிருந்து மொத்தம் இரண்டரை பேர். தொடக்கத்தில் தினமும் பாதிப் பங்கு கூடுகிறது, ஐந்தில் ஒரு பங்கு குணமாகிக் கழிகிறது; நிகரமாக நாளுக்கு 30 சதவீதம் ஏற்றம். கட்டுப்பாட்டுக்குத் தனியாக ஒரு கட்டம். அதில் 60 சதவீதம் என்று போட்டால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. 50 போட்டால், அதாவது மனிதத் தொடர்பைப் பாதியாகவே குறைத்துவிட்டால்கூட, தினம் 5 சதவீதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். 70 போட்டால்தான் தினம் 5 சதவீதம் இறங்கும்.

இதோடு நிறுத்தியிருந்தால் பள்ளிக்கூடப் பயிற்சி. அடுத்ததாக அவர் ஒன்று செய்யச் சொன்னார்: கட்டுப்பாட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டுப் பாருங்கள். போட்டேன். அந்த ஏழு நாளில் நூறு 627 ஆகிவிட்டது. சரி, இப்போது 70 சதவீதம் கட்டுப்பாடு. 627 மறுபடி நூறுக்கு வர எத்தனை நாள்? முப்பத்தாறு. ஏறும்போது முப்பது முப்பதாக ஏறுவது இறங்கும்போது ஐந்து ஐந்தாகத்தான் இறங்குகிறது. ஒரு வாரத் தயக்கத்துக்கு ஐந்து வாரக் கதவடைப்பு. 2020இல் மார்ச் 18 தொடங்கி 31இல் முடிவதாக இருந்த ஆணை ஏப்ரல் 14, ஏப்ரல் 28, மே 12 என்று நீண்டுகொண்டே போனபோது வாடிக்கையாளர்களுக்குத் தேதி மாற்றித் தேதி மாற்றி என் நாக்கு வறண்டது. அந்த நீட்டிப்புகளைப் பற்றி அப்போது நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கணக்கு இப்படி இருக்கிறது என்று அன்றைக்கே ஒருவர் அரை மணி நேரம் காட்டியிருந்தால், பேச்சின் சுருதியாவது மாறியிருக்கும்.

இன்னொரு பயிற்சி இதைவிட நல்லது; வகுப்பிலேயே சிறந்தது என்பேன். ஆசிரியர் இரண்டு ஊர்களைக் கொடுத்தார். முதல் ஊர் மேலே சொன்னதுதான். இரண்டாவது ஊரில் ஒருவர் தினம் பரப்புவது 0.4 பேருக்கு, ஆனால் பத்து நாள் பரப்புகிறார். இரண்டு ஊரிலும் தொடக்க ஏற்றம் அதே 30 சதவீதம். வரைபடத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் முதல் நாட்களில் வித்தியாசமே தெரியாது. இப்போது இரண்டிலும் அதே 70 சதவீதக் கட்டுப்பாட்டைப் போடுங்கள் என்றார். முதல் ஊரில் தினம் 5 சதவீதம் இறங்குகிறது. இரண்டாவது ஊரில் தினம் 2 சதவீதம் ஏறிக்கொண்டே போகிறது! அங்கே 75 சதவீதம் போட்டால்தான் ஏற்றம் நிற்கும். அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. எண்ணிக்கை வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு "இந்தக் கட்டுப்பாடு போதும்", "இது அதிகம்" என்று அடித்துச் சொல்லியவர்கள் எல்லாரையும், அமைச்சர் முதல் வாட்சப் மாமா வரை, எனக்கு நினைவு வந்தது.

காலதாமதம் பற்றிய பகுதியும் நன்று. தொற்றிய நாளுக்கும் அறிகுறி தெரியும் நாளுக்கும் நடுவே ஏறத்தாழ ஐந்து நாள். பிறகு பரிசோதனை, முடிவு, அறிவிப்பு. ஆக, இன்று மாலை சொல்லப்படும் எண் ஒரு வாரம், பத்து நாளுக்கு முந்தைய ஊரைத்தான் காட்டுகிறது. நாளுக்கு 30 சதவீதம் ஏறும் வேகத்தில் பத்து நாள் என்பது கிட்டத்தட்ட பதினான்கு மடங்கு. கட்டுப்பாடு போட்ட பின்னும் இதே கதைதான்: ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கும் அண்டாவில் நெருப்பை இழுத்த பிறகும் உள்ளே வெந்துகொண்டிருப்பதைப் போல, ஆணை வந்து பத்துப் பன்னிரண்டு நாள் வரை எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து "ஆணை பலிக்கவில்லை" என்று பேசுவது அவசரம். ஆணைகள் இரண்டிரண்டு வாரமாக வந்ததன் பின்னணி எனக்கு இப்போதுதான் விளங்கியது.

இரண்டாவது சனிக்கிழமை, மாறும் கட்டுப்பாடுகள். வகுப்பின் விளம்பரமே இதுதான். 2020 மார்ச் 16 அன்று அப்போதைய பிரதமர் முகிதீன் யாசின் இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். அதே நாளில்தான் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நீல் ஃபெர்குசன் குழுவின் அறிக்கை வந்தது. எதுவுமே செய்யாவிட்டால் பிரிட்டனில் 5,10,000 பேர் இறக்கக்கூடும் என்ற கணிப்பை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது: தீவிர சிகிச்சைக்கு வருகிறவர்கள் வாரத்துக்கு நூறைத் தாண்டினால் கட்டுப்பாட்டைப் போடு, ஐம்பதுக்குக் கீழே போனால் எடு. அப்படிச் செய்தால்கூட மூன்றில் இரண்டு பங்கு காலம் கட்டுப்பாட்டிலேயே கழியும் என்று கணித்தார்கள்.

நம் நாட்டில் 2021 ஜூனில் வந்த தேசிய மீட்சித் திட்டமும் இந்த இனம்தான். நான்கு கட்டங்கள். தினசரி எண்ணிக்கை 4,000க்குக் கீழே வந்தால் இரண்டாம் கட்டம், 2,000க்குக் கீழே மூன்றாம் கட்டம், 500க்குக் கீழே நான்காம் கட்டம். கூடவே தடுப்பூசி விகிதமும் தீவிர சிகிச்சைப் படுக்கைகளும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று எண்ணிக்கை 24,599ஐத் தொட்டது. ஆனாலும் அக்டோபர் 11இல் மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதி கிடைத்தது, ஏனென்றால் பெரியவர்களில் 90 சதவீதம் பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டுவிட்டார்கள். ஆசிரியரின் அட்டவணையில் தடுப்பூசி வேறு இடத்தில் வேலை செய்கிறது. அது முதல் கூடையையே சுருக்குகிறது. ஆக அந்த ஆண்டு இறுதியில் வளைகோடு இறங்கியதற்குக் கட்டுப்பாடு எவ்வளவு காரணம், ஊசி எவ்வளவு, ஏற்கெனவே நோய் வந்து போனது எவ்வளவு என்று ஒரே ஒரு கோட்டை வைத்துப் பிரிக்க முடியாது. இதை ஆசிரியர் மிகத் தெளிவாகச் சொன்னார், பாராட்டுகிறேன்.

இனி என் குறை. மலேசியாவுக்கென்று அவர் தயாரித்திருக்கும் அட்டவணையில் கட்டுப்பாட்டுக் கட்டம் முன்பே நிரப்பப்பட்டிருக்கிறது. 2020 மார்ச் 17 வரை சுழியம். 18இலிருந்து 70. மே 4இல் நிபந்தனையுடன் கூடிய ஆணை வந்ததும் 50. ஜூன் 10இல் மீட்சி நிலை ஆணை வந்ததும் 30. விசையைத் தட்டினால் விளக்கு அணைவதுபோல ஒரே நாளில் மாறுகிறது.

"சார், இந்த 70ம் 50ம் எங்கிருந்து வந்தன?" என்று கேட்டேன்.

"கோடு உண்மை எண்ணிக்கையோடு பொருந்தும்படி நான் எடுத்துக்கொண்டது, அம்மா" என்றார். ஒளிக்கவில்லை, அதற்கு மரியாதை உண்டு.

ஆனால் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது. கோடு பொருந்தும்படி எண்ணைப் போட்டுவிட்டு, கோடு பொருந்துகிறது பாருங்கள், ஆணை 70 சதவீதம் வேலை செய்திருக்கிறது என்றால், அது பம்பாய் எலிக் கதைதான். ஆணையின் தேதியும் மனிதர்கள் மாறிய தேதியும் ஒன்றா? மார்ச் 16 இரவு அறிவிப்பு வந்தது. 17ஆம் தேதி பேருந்து நிலையங்களில் ஊருக்குப் போகிற கூட்டம். மாநிலம் கடக்க அனுமதி வாங்கக் காவல் நிலையங்களில் தோளோடு தோள் உரசி நின்ற கூட்டம். அட்டவணையில் 17ஆம் தேதி சாதாரண நாள். உண்மையில் அது சாதாரண நாளைவிட மோசமான நாள். இன்னொரு பக்கம், ஆணைக்கு முன்பே பயந்து வீட்டில் அடங்கியவர்களும் உண்டு. மார்ச் முதல் வாரம் முடியும் முன்பே எனக்கு விருந்து ரத்துகள் வரத் தொடங்கிவிட்டன. அரசு ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்து, மீட்சி நிலை ஆணை. அட்டவணையில் ஜூலையிலும் 30, செப்டம்பரிலும் 30. ஆனால் ஜூலை தொடக்கத்தில் தினசரி எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருந்தது. செப்டம்பர் 26இல் சபா மாநிலத் தேர்தல். பிரசாரத்துக்குப் போனவர்கள் திரும்பினார்கள். அக்டோபர் 14இல் கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயாவுக்கு மறுபடி நிபந்தனை ஆணை. அக்டோபர் 24இல் எண்ணிக்கை முதல் முறையாக ஆயிரத்தைத் தாண்டியது. ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவே ஆணையின் பெயர் மாறவில்லை, மனிதர்களின் போக்குவரத்து மாறியது. இதற்கு அட்டவணையில் எந்தக் கட்டம்?

மருந்தகப் பெண் நல்ல கேள்வி கேட்டார்: கைப்பேசி நடமாட்டத் தரவைப் போட முடியாதா? முடியும் என்றார் ஆசிரியர். கூகுள் நிறுவனம் 2020 ஏப்ரலிலிருந்து 2022 அக்டோபர் வரை கடைகள், பேருந்து நிலையங்கள், வேலையிடங்களுக்கு மக்கள் போய்வந்தது எவ்வளவு கூடியது, குறைந்தது என்று வெளியிட்டுவந்தது. நம் சுகாதார அமைச்சும் 2021 ஜூலையிலிருந்து தரவுகளை இணையத்தில் திறந்து வைத்தது. அப்படியானால் அதைச் செய்து காட்டலாமே? "நேரமில்லை" என்றார். வூ லியென் தேக்கு நேரம் இருந்தது.

நடமாட்டத் தரவும் போதாது என்பது வேறு விஷயம். கடைக்குப் போனவர் முகக்கவசத்தோடு போனாரா, உள்ளே எத்தனை நேரம் நின்றார் என்பது அதில் தெரியாது. பத்து கிலோமீட்டருக்குள்தான் போகலாம், வீட்டுக்கு ஒருவர்தான் கடைக்கு வரலாம் என்ற விதிகள் தெருவைக் காலியாக்கின. வீட்டுக்குள் எட்டுப் பேர் ஒரே கூடத்தில் இருந்ததை அவை தொடவில்லை. 2020 நவம்பரில் கிள்ளான் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் நடந்தது அதுதான்: வெளியே கட்டுப்பாடு, உள்ளே அடுக்குக் கட்டில். எல்லாரும் எல்லாரோடும் ஒரே அளவில் கலக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளும் மூன்று கூடைக் கணக்கு இங்கே நொண்டுகிறது. மக்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குக் குழு வேறு வேறு எண் போடும் முறைகள் உண்டு. ஒரே விருந்தில் ஒருவரே முப்பது பேருக்குப் பரப்புவதையும், மற்ற பத்துப் பேர் யாருக்குமே பரப்பாமல் போவதையும் கணக்கில் எடுக்கும் முறைகளும் உண்டு. இதற்குக் கடைசிப் பத்து நிமிடம்தான் கிடைத்தது. கல்யாண மண்டபத்தை அன்றாடம் பார்க்கிற எனக்கு அந்தப் பத்து நிமிடம் போதவில்லை. விருந்தாளிகளில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு நேரே காருக்குப் போகிறவர் ஒரு ரகம். மேசைக்கு மேசை போய்க் கன்னத்தைக் கிள்ளி நலம் விசாரிக்கிற பெரியம்மா வேறு ரகம். சராசரி எடுத்தால் இருவருமே காணாமல் போய்விடுகிறார்கள்.

ஆசிரியரைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. கேள்வி கேட்டால் கோபப்படாதவர், தெரியாததைத் தெரியாது என்கிறவர். உதவிக்கு இருந்த தங்கை ஒருத்தி, சூத்திரம் தட்டத் தெரியாமல் திணறிய காப்பீட்டு அண்ணனின் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். கையேடு தெளிவான தமிழில் இருக்கிறது. கிரேக்க எழுத்துகளைப் பார்த்து மிரளத் தேவையில்லை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எதை எண்ணுகிறது என்று எழுதியிருக்கிறார். பெருக்கலும் சதவீதமும் தெரிந்தால் போதும். பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாராளமாக அனுப்பலாம். கூடுதல் கணிதம் எதற்கு என்று கேட்கிற பிள்ளையாக இருந்தால் கட்டாயம் அனுப்புங்கள். பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதல் சனிக்கிழமை தெரிந்த பாடமாகவே இருக்கும்.

கட்டுப்பாட்டுக் கட்டத்தை வெறுமையாகக் கொடுத்து, நடமாட்டத் தரவையும் அறிவிப்புத் தேதிகளையும் மேசையில் போட்டு, "நீங்களே நிரப்புங்கள், ஏன் அந்த எண் என்று எழுதுங்கள்" என்று மூன்றாவதாக ஒரு சனிக்கிழமை வைத்தால் இன்னொரு 80 வெள்ளி கொடுக்கத் தயார் என்று கருத்துப் படிவத்தில் எழுதிவிட்டு வந்தேன். வைப்பார்களா என்று பார்ப்போம். வடையை நானே கொண்டுவருகிறேன் என்றும் எழுதினேன்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடுங்கள். அறை மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை, படிகள் செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழ்த்தளத்தில் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்கள். கட்டணத்தை முதல் நாளே முழுவதும் வாங்கிக்கொள்கிறார்கள், இரண்டாம் நாள் வராவிட்டால் திருப்பித் தருவதில்லை. மடிக்கணினி கட்டாயம். கைப்பேசியில் அந்த அட்டவணையைத் திறந்தால் எண்கள் தெரியும், வரைபடம் தெரியாது.